தீக்குழியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, சாம்பலை அள்ளாமல் விட்டதுதான் காரணமா?

மழைமேகம்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் குளிர்காய ஒரு இரும்புத் தீக்குழி வைத்திருக்கிறேன். ஃபயர் பிட் என்று விற்கிறார்களே, அதே வட்டச் சட்டிதான், மூன்று கால், மேலே கம்பிவலை மூடி. வாங்கி 2 வருடம் ஆகிறது. மழைக்காலத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு நாள் எரித்தேன், நாளைக்கு அள்ளிக்கொள்ளலாம் என்று சாம்பலை அப்படியே விட்டுவிட்டு தார்ப்பாயைப் போட்டு அடிவரை இறுக்கிக் கட்டினேன். அந்த நாளை வரவே இல்லை, மழை பிடித்துக்கொண்டது.

நேற்றுதான் தார்ப்பாயை அவிழ்த்தேன். சாம்பல் ஈரக் களிமண் போல இறுகிக் கிடக்கிறது. சுரண்டினால் அடியில் செதில் செதிலாகத் துரு உரிகிறது, நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. எனக்குப் புரியாதது இதுதான்: தார்ப்பாய் எங்கும் கிழியவில்லை, மழைத்தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்க வழியில்லை. பிறகு எப்படி இப்படி ஆனது? இதைக் காப்பாற்ற முடியுமா, தூக்கிப் போட வேண்டியதுதானா?

பட்டறைவாசி

மழை உள்ளே போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். கூடவே குளோரைடு, சல்ஃபேட் போன்ற உப்புகளும் கொஞ்சம் உண்டு. நீங்கள் அடிவரை இறுக்கிக் கட்டியதால் தரையிலிருந்து கிளம்பிய ஈரம் வெளியே போக வழி இல்லாமல் இரவில் தார்ப்பாயின் உட்பக்கம் வியர்த்து, சொட்டுச் சொட்டாகச் சாம்பலிலேயே விழுந்திருக்கும். உப்புள்ள ஈரத்துணியை இரும்பின் மேல் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. மூடாமல் வெயில் மழையில் விட்டிருந்தால்கூட இடையிடையே காய்ந்திருக்கும்.

காப்பாற்ற முடியுமா என்பதற்குக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு சிறிய சுத்தியலால் ஓட்டையின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். தேய்ந்த இடம் மந்தமாகச் சத்தம் தரும், சில இடத்தில் சுத்தியல் பட்டதும் பொத்துக்கொள்ளும். அந்தக் கணீர் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் இருப்பது உள்ளங்கை அளவு என்றால் ஒட்டுப் போடலாம். அடித்தட்டில் பாதிக்கு மேல் என்றாலோ, கால்கள் பொருத்தியிருக்கும் இடம்வரை வந்துவிட்டது என்றாலோ, தயவுசெய்து ஆசைப்படாதீர்கள். எரியும்போது அடி கழன்று தணல் மொத்தமாகக் கீழே கொட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலில்தான் விழும்.

வேலிப்பூ

இந்த இழையில் நுழைந்து ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் “மறுநாள் அள்ளுங்கள்” என்று எழுதிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் அணைந்து 2 நாள் கழித்து, 3வது நாள் காலையில் சாம்பலை அள்ளி பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். மேலே கைவைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அன்று சாயங்காலம் தொட்டி உருகி, பக்கத்தில் இருந்த மரவேலியில் தீப்பிடித்திருந்தது. பார்த்ததால் அணைக்க முடிந்தது, இல்லாவிட்டால் வேலி முழுவதும் போயிருக்கும். வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் சொன்னார், சாம்பலுக்குள் புதைந்த தணல் 4 நாள்கூட உயிரோடு இருக்கும் என்று. நீறு பூத்த நெருப்பு என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாம்பல் வெப்பத்தை வெளியே விடாது, காற்றையும் குறைவாகத்தான் உள்ளே விடும். அதனால் தணல் பட்டென்று எரிந்து முடியாமல் மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கிறது. நாம் அள்ளும்போது கிளறிக் காற்றுக் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வது: மூடி இறுக்கமாக உட்காரும் இரும்பு வாளி ஒன்று வைத்திருக்கிறேன், அதற்கு அடிப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும், தரையில் நேராகப் படாது. சாம்பல் எவ்வளவு ஆறியிருந்தாலும் முதலில் அதில்தான் போகும். மூடியபின் சுவரிலிருந்து, வேலியிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, மண் தரையில் அல்லது சிமெண்டுத் தரையில் 4 நாள் இருக்கும். மரப்பலகைத் தளத்தில் வைக்கவே மாட்டேன். வீட்டில் இருக்கும் வேக்கும் கிளீனரால் உறிஞ்சலாமா என்று ஒருவர் கேட்டார் முன்பு, அந்த எண்ணமே வேண்டாம், உள்ளே இருக்கும் பையில் ஒரு பொறி போதும்.

தெற்குக்காற்று

எதற்கு இவ்வளவு பாடு? எரிந்து முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் போகிறது. தணலும் இல்லை, காத்திருக்கவும் வேண்டாம். நான் பல வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

பட்டறைவாசி

நண்பரே, உங்களுடையது மண்ணில் தோண்டிய குழியா, இரும்புச் சட்டியா? மண் குழி என்றால் நீங்கள் செய்வது சரிதான், தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று தெரியும்வரை செய்ய வேண்டும். சுற்றிக் காய்ந்த புல் இருந்தாலோ, காற்று எழும்பினாலோ, எந்தக் குழியாக இருந்தாலும் தண்ணீர்தான், அப்போது சட்டி பற்றிய கவலை வேண்டாம்.

ஆனால் ஆபத்து எதுவும் இல்லாத சாதாரண நாளில் கொதிக்கும் இரும்புச் சட்டியில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் தகடு கோணிக்கொள்ளும். வார்ப்பிரும்பு என்றால் கோணாது, நேராக விரிசல்தான். கல் கட்டுமானத்திலும் அதே கதை. தவிர, தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும், அந்த வேகத்தில் சூடான சாம்பல் முகத்துக்கு வரும். அப்புறம் அந்த ஈரச் சாம்பலை அன்றே அள்ளாவிட்டால் மழைமேகத்தின் சட்டிக்கு நடந்ததுதான்.

நான் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுவேன். மீதித் தணலை நீண்ட கம்பியால் சட்டி முழுவதும் பரப்பிவிட்டால் குவியலாக இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறும். வலை மூடியைப் போட்டுவிட்டு, கடைசித் தணல் கறுக்கும்வரை அருகிலேயே இருப்பேன்.

தெற்குக்காற்று

மண் குழிதான். சட்டிக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று யோசிக்கவில்லை, சொன்னது நல்லது.

செங்கல்கட்டு

என்னுடையது கல்லும் செங்கல்லும் வைத்து நானே கட்டிய குழி, அதனால் துருப் பிரச்சினை இல்லை, வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. முதல் தடவை கட்டியபோது அழகாக இருக்கிறது என்று ஆற்றில் உருண்ட கூழாங்கற்களை உள்வரிசையில் பதித்தேன். இரண்டாவது முறை எரித்தபோது ஒரு கல் வெடித்துச் சில்லு என் தோளுக்கு மேலே பறந்தது. அந்தக் கற்களின் நுண்துளைகளில் ஈரம் புகுந்திருக்கும், வெளியேற நேரம் கொடுக்காமல் சூடேற்றினால் உள்ளே ஆவி அழுத்தி உடைத்துவிடும். இப்போது நெருப்பு படும் உள்வரிசை முழுவதும் தீச்செங்கல், அதற்கென்றே உள்ள வெப்பம் தாங்கும் கலவையால் கட்டியது. சாதாரண சிமெண்டுக் கலவை பொரிந்து கொட்டிவிடும், அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன்.

சுத்தம் செய்வது பற்றிக் கேட்பவர்களுக்கு: கரி படிந்த கல்லில் எடுத்தவுடனே தண்ணீர் அடிக்காதீர்கள். கரித்தூள் கரைந்து கல்லின் துளைகளுக்குள் இறங்கி நிரந்தரக் கறையாகிவிடும். முதலில் உலர்ந்த நார் பிரஷ், பிறகு தூசியைக் கூட்டி எடுத்துவிட்டு, வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தேய்த்தால் கறுப்புத் தண்ணீர் உலர்ந்த கல்லில் வழிந்து கோடு விழும். விடாத இடத்தில் பேக்கிங் சோடாவைக் குழைத்துப் பூசி கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். வினிகர் ஊற்றச் சொல்லும் ஆலோசனைகளை நிறையப் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்புக்கல், பளிங்கு, சிமெண்டு எல்லாமே அமிலத்தில் கரையும், அதனால் என்ன கல் என்று உறுதியாகத் தெரியாமல் அதைத் தொட வேண்டாம். பிளீச்சையும் வினிகரையும் அடுத்தடுத்து ஊற்றி முயற்சி செய்வது இன்னும் மோசம், குளோரின் வாயு கிளம்பும்.

கழுவிய பிறகு குறைந்தது சில நாள் வெயிலில் காயவிட்டு, முதலில் சுள்ளிகளை வைத்துச் சின்னதாக ஒரு நெருப்பு மூட்டி, பிறகு பெரிய விறகுக்குப் போங்கள். மழைக்காலம் முடிந்து முதல் தடவை எரிக்கும்போதும் அப்படியே.

மரநிழல்

செங்கல்கட்டு ஐயா, உங்கள் குழியில் தண்ணீர் எப்படி வடிகிறது? எங்களுடையதில் மழை நின்ற பிறகும் சேறாகவே இருக்கிறது.

செங்கல்கட்டு

கீழே சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் போக வழியே இல்லை. என்னுடையதில் தளமே கிடையாது, 15 செ.மீ. ஆழத்துக்கு உடைத்த ஜல்லி, அடியில் மண். தண்ணீர் நேராக இறங்கிவிடும். ஆனால் சாம்பலை அள்ளாமல் விட்டால் அது மழையில் கரைந்து ஜல்லியின் இடுக்குகளை அடைத்துவிடுகிறது, அதனால் 2 வருடத்துக்கு ஒரு முறை மேல் ஜல்லியைத் தோண்டி எடுத்துச் சலித்துவிட்டுத் திரும்பப் போடுகிறேன். உங்களுடையதில் தளத்தை உடைக்க மனமில்லை என்றால் நடுவில் சில துளைகளாவது போட்டுப் பாருங்கள்.

மரநிழல்

சிமெண்டுத் தளமேதான். துளை போடுகிறேன், நன்றி.

பதிலுக்கு நானும் சாம்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், தோட்ட வேலை எனக்குப் பழக்கம். நல்ல காய்ந்த விறகு 100 கிலோ எரித்தால் சாம்பல் ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். உங்களுக்கு அதைவிட மிக அதிகமாகச் சேருகிறது, கூடவே கறுப்பாகப் பாதி எரிந்த கட்டைகள் கிடக்கின்றன என்றால் விறகு ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றோட விட்டால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை பிடிக்கும், கெட்டி மரத்துக்கு இன்னும் அதிகம். ஈர விறகின் புகைதான் வலையிலும் சட்டி ஓரத்திலும் பிசுபிசுப்பாகத் தார் மாதிரி படிகிறது. விறகைச் சரி செய்தால் கழுவும் வேலையில் பாதி போய்விடும்.

சாம்பலைச் செடிக்குப் போடலாம், பொட்டாசியமும் கால்சியமும் கிடைக்கும், ஆனால் தழைச்சத்து இருக்காது. நல்ல காரம் அது, மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அதனால் மண் ஏற்கெனவே காரமாக இருந்தாலோ, புளிப்பு மண்ணை விரும்பும் செடியாக இருந்தாலோ போடக் கூடாது, இளநாற்றுக்கும் கூடாது. அம்மோனியம் உரத்தோடு சேர்த்தால் அம்மோனியாவாகப் பறந்து உரம் வீணாகும். பெயிண்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம், ஒட்டுப்பலகை எதையுமே எரிக்காதீர்கள். மருந்து ஏற்றிய பழைய மரங்களில் ஆர்சனிக் இருக்கும், எரித்தால் அது சாம்பலில் தங்கிவிடும்.

அள்ளும்போது கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். உலர்ந்த சாம்பல் ஒன்றும் செய்யாது என்று தோன்றும், வியர்த்த கையில் பட்டால் காரநீராகித் தோலை எரிக்கும். ஒரு காலத்தில் சோப்புக் காய்ச்சியதே இந்தச் சாம்பல் நீரில்தான். பொட்டாசியம் என்ற பெயரும் பானையில் சாம்பலைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த பொட்டாஷிலிருந்து வந்ததுதான், 1807இல் ஹம்ப்ரி டேவி பொட்டாஷிலிருந்து பிரித்தெடுத்தபோது வைத்தது.

நீலச்சுடர்

கேஸில் எரியும் தீக்குழி வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா? சாம்பல் தொல்லை இல்லை என்றுதான் வாங்கினேன். இப்போது சுடர் ஒரு பக்கம் மட்டும் வருகிறது, மஞ்சளாகி மேலே போட்டிருக்கும் லாவா கற்களில் கரி படிகிறது.

பட்டறைவாசி

பர்னர் துளைகள் அடைத்திருக்கும், அல்லது காற்று நுழையும் வழியில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் விட்டால் சிலந்திக்கு அந்தக் குழாய்தான் பிடித்த இடம். சிலிண்டரை மூடி, இணைப்பைக் கழற்றி, கற்களை எடுத்துவிட்டு மென்மையான பிரஷால் துளைகளைத் துடையுங்கள். பல் குத்தும் குச்சியை நுழைக்காதீர்கள், உள்ளேயே முறிந்துவிடும். திரும்பப் பொருத்தியதும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள், வந்தால் பற்ற வைக்கவே கூடாது. சிலிண்டரில் புரொப்பேன் என்றால் அது காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். லாவா கற்கள் மழையில் நனைந்திருந்தால் நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள், ஈரத்தோடு சூடேறினால் அவையும் தெறிக்கும்.

மழைமேகம்

எல்லோருக்கும் நன்றி. சுத்தியல் சோதனை செய்துவிட்டேன். கோட்டுக்குள் வந்தது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, கால்கள் பக்கம் எல்லாம் கணீரென்றே இருக்கிறது. வெல்டிங் செய்ய வசதி இல்லை. வீட்டில் ஒரு பழைய தகடு கிடக்கிறது, வெள்ளையாகப் பளபளப்பாக இருக்கிறது, துருவே இல்லை, அதை வெட்டி போல்ட் போட்டு முடுக்கிவிடலாமா?

பட்டறைவாசி

வெள்ளையாக, பூப்பூவாகப் பளபளக்கிறதா? அது துத்தநாகம் பூசிய தகடு. வேண்டவே வேண்டாம். துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், சிவந்த தணல் அதைத் தாண்டிப் போகும். அந்தப் புகை மூச்சில் போனால் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வரும். பூச்சு இல்லாத கறுப்பு இரும்புத் தகடு, 3 மி.மீ. கனம், நல்ல இரும்பின் மேல் சுற்றிலும் 5 செ.மீ. ஏறும்படி வெட்டி உட்பக்கம் வையுங்கள். போல்ட்டும் வாஷரும்கூடப் பூச்சு இல்லாதவை அல்லது எவர்சில்வர். ஒட்டுத் தகட்டில் 3 துளைகள் அடிவரை போட்டுவிடுங்கள், இனித் தண்ணீர் தேங்காது.

துருவுக்கு: கம்பி பிரஷால் செதில்களை எடுத்து, 80ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120. உலர்ந்த துணியால் துடைத்து, அன்றே பெயிண்ட் அடிக்க வேண்டும், ஒரு ராத்திரி விட்டால்கூட மறுபடி சிவந்துவிடும். 650 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும் வெப்பம் தாங்கும் பெயிண்ட்தான், சாதாரண பெயிண்ட் எரிந்து நச்சுப் புகைதான் வரும். வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். உட்பக்கம் தணல் உட்காரும் இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. அங்கே சமையல் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவி, துணியால் துடைத்தெடுத்துவிட்டு, சின்ன நெருப்பில் காய்ச்சினால் போதும். ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட வேண்டும்.

எவர்சில்வர் தீக்குழி வைத்திருப்பவர்கள் இந்தக் கம்பி பிரஷைத் தொட வேண்டாம். இரும்புத் துகள் அதில் ஒட்டிக்கொண்டு அந்தப் புள்ளிகளில் துரு வரும். நீலமும் பொன்னிறமுமாக மாறுவது சூட்டால் வரும் நிறம்தான், அழுக்கு இல்லை, தேய்த்துப் போக்கத் தேவையில்லை.

தெற்குக்காற்று

அடியில் மணல் போட்டால் தகடு தப்பிக்கும் என்று சொல்கிறார்களே? ஒரு விரற்கடை சாம்பலை விட்டு வைத்தால் தணல் நன்றாக நிற்கும் என்றும் கேள்விப்பட்டேன்.

வேலிப்பூ

எரிக்கும் நாளில் இரண்டும் உதவும். மணல் சூட்டைப் பரப்பிவிடும், சாம்பல் தணலைக் காக்கும். ஆனால் இரண்டுமே ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அடுத்து எப்போது எரிப்போம் என்று தெரியாதபோது சட்டியைக் காலி செய்துவிடுவது என் வழக்கம். மணலைத் தனியாக ஒரு வாளியில் வைத்தால் அவசரத்துக்கு நெருப்பணைக்கவும் ஆகும்.

பட்டறைவாசி

நான் மணலே போடுவதில்லை. நனைந்த மணலைச் சட்டியிலிருந்து யாரும் எடுப்பதில்லை, அதுதான் அனுபவம்.

மரநிழல்

கோர்டென் எஃகு என்று துரு நிறத்திலேயே விற்கிறார்களே, அது இதற்கெல்லாம் விதிவிலக்கா?

பட்டறைவாசி

1933இல் யுஎஸ் ஸ்டீல் கொண்டுவந்த எஃகு அது, மேலே வரும் துருப்படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். ஆனால் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காய்ந்தால்தான் அந்தப் படலம் உறுதியாகும். ஈரச் சாம்பலுக்கு அடியில் காயவே வழி இல்லை, அங்கே அதுவும் சாதாரண இரும்பு போலவே கரையும். பெயிண்ட் அடிக்க வேண்டாம், சாம்பலை மட்டும் அள்ளுங்கள். முதல் சில மாதங்களில் கீழே தரையில் துருக்கறை சொட்டும், அதற்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மழைமேகம்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். ஒட்டுத் தகடு போட்டாகிவிட்டது, 6 போல்ட், எல்லாம் எவர்சில்வர். வெளியே பெயிண்ட் இரண்டு கை அடித்தேன், டப்பாவில் சொன்னபடி காயவிட்டு, முதலில் அரை மணி நேரம் சுள்ளி நெருப்பு, ஆறவிட்டு இன்னும் கொஞ்சம் பெரியது, அப்புறம் விறகு என்று மூன்று கட்டமாகச் சூடேற்றினேன். முதல் தடவை நெடி அடித்தது, குழந்தைகளைத் தள்ளி உட்கார வைத்தேன், மூன்றாவது தடவை நெடி இல்லை. 5 முறை எரித்துவிட்டேன், ஒட்டு அசையவில்லை.

மூடி போட்ட இரும்பு வாளி வாங்கிவிட்டேன், சுவரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். தார்ப்பாயை இப்போது இறுக்கிக் கட்டுவதில்லை. சட்டியின் மேல் ஒரு வளைந்த கம்பியை வைத்து அதன்மேல் போர்த்துகிறேன், கீழே ஒரு கையளவு இடைவெளி விடுகிறேன். இந்த வாரம் இரண்டு நாள் நல்ல மழை. இன்று காலையில் தூக்கிப் பார்த்தேன், தார்ப்பாயின் உட்பக்கம் வியர்வை இல்லை, சட்டிக்குள் கையை விட்டுத் தடவினேன், உலர்ந்திருந்தது. ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றி மட்டும் மெல்லிய சிவப்பு வளையம் தெரிகிறது, அதை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் தடவப் போகிறேன். சரிதானே?

பட்டறைவாசி

சரிதான். போல்ட்டைக் கழற்றிவிட்டுத் தேயுங்கள், துரு வாஷருக்கு அடியில்தான் ஆரம்பித்திருக்கும்.